எக்கோவில் 28 வந்த அப்பா மறுபடி கடலுக்குப் போகலாமா?

உப்புவெளியிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு 57 வயது, கடற்றொழில். சில மாதங்களாக இளைப்பு, இரண்டு காலிலும் வீக்கம். திருகோணமலை ஆஸ்பத்திரியில் வைத்திருந்து எக்கோ என்ற இதய ஸ்கான் எடுத்துப் பார்த்து, இதயம் பெருத்துத் தசை பலவீனமாகிவிட்டது, இ.எப். 28 வீதம் என்று எழுதி, ஐந்து வகைக் குளிசையோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். “இவ்வளவு பெரிய வருத்தத்துக்கு வெறும் குளிசைதானா? ஒப்பரேசன் இல்லையா? அப்பா எவ்வளவு காலம் இருப்பார்? திரும்பத் தொழிலுக்குப் போகலாமா?” என்று கேட்டிருக்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இப்போதைக்குப் போக வேண்டாம். சில மாதம் கழித்து, எக்கோவைத் திரும்ப எடுத்துப் பார்த்த பிறகு, போகக்கூடிய நிலை வரலாம். அந்த நிலை வருமா வராதா என்பதில் பெரும்பங்கு நீங்கள் “வெறும் குளிசை” என்று எழுதிய அந்தக் குளிசைகளிடம்தான் இருக்கிறது.

வீட்டில் எல்லோரையும் பயப்படுத்தி வைத்திருப்பது அந்த 28 என்று தெரிகிறது. “அப்பாவின் இதயம் 28 வீதம்தான் வேலை செய்யுதாம்” என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை, தங்கச்சி. இதயத்தின் இடது கீழறையில் நிரம்பியிருக்கும் இரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எவ்வளவு பங்கு வெளியே தள்ளப்படுகிறது என்பதுதான் அந்தக் கணக்கு. நல்ல சுகதேகிக்கே அது 55 முதல் 70 வரைதான் இருக்கும். நூறு யாருக்கும் கிடையாது. அப்பாவின் இதயம் இருக்க வேண்டிய அளவில் ஏறக்குறைய பாதியைத் தள்ளுகிறது. குறைவுதான், கவனிக்க வேண்டியதுதான், ஆனால் முக்கால்வாசி போய்விட்டது என்று அர்த்தமில்லை. இன்னொன்று, எக்கோ எடுப்பவர் மாறினாலே இந்த எண் நாலைந்து கூடும், குறையும். அடுத்த முறை 31 வந்தால் பாற்சோறு பொங்கவும் வேண்டாம், 25 வந்தால் அழவும் வேண்டாம். 28 உள்ள சிலர் சாதாரணமாக நடந்து திரிகிறார்கள், 38 உள்ள சிலருக்குப் படுக்கவே முடியவில்லை. எண்ணோடு ஆளையும் பார்க்க வேண்டும்.

எக்ஸ்ரேயில் “இதயம் பெரிசாயிருக்கு” என்று சொல்வதும் இதுவும் ஒன்றல்ல. எக்ஸ்ரேயில் இதயத்தின் நிழல் நெஞ்சு அகலத்தில் பாதிக்கு மேல் போனால் பெரிது என்பார்கள். பிரஷரால் தசை தடித்தாலும், இதயத்தைச் சுற்றி நீர் கோத்தாலும், ஏன், ஆளைப் படுக்க வைத்துப் படம் எடுத்தாலும் கூட நிழல் பெரிதாகத் தெரியும். எக்கோ எடுத்தால்தான் அறை விரிந்திருக்கிறதா, சுவர் மெலிந்திருக்கிறதா, வால்வு ஒழுகுகிறதா என்று தெரியும். அப்பாவுக்கு அது தெரிந்தாகிவிட்டது.

என்ன நடக்கிறது என்றால், ஏதோ ஒரு காரணத்தால் தசை தளர்கிறது. தள்ளும் இரத்தம் குறைகிறது. சிறுநீரகத்துக்கு இது இதயத்தின் கோளாறு என்று தெரியாது; உடம்பில் இரத்தமே குறைந்துவிட்டது என்று நினைத்து உப்பையும் நீரையும் பிடித்து வைக்கத் தொடங்குகிறது. அதோடு அட்ரினலினும் கூடி இதயத்தை வேகமாக அடிக்கச் சொல்கிறது. ஒரு விபத்தில் இரத்தம் போனவருக்கு இந்த ஏற்பாடு உயிரைக் காக்கும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் அதுவே தசையை நாசமாக்கும். பலமுறை இழுபட்ட ரப்பர் பட்டி மாதிரி அறை விரிந்து விரிந்து இழுவையை இழக்கிறது. பிடித்து வைத்த நீர் நுரையீரலில் தேங்கினால் இளைப்பு, காலில் இறங்கினால் வீக்கம். ஈரலில் தேங்கினால் வயிறு உப்பி, இரண்டு வாய்க்கு மேல் சோறு இறங்காது. இதைக் காஸ்ரிக் என்று நினைத்து வாரக்கணக்கில் அதற்கு மருந்து குடித்துவிட்டு வருகிறவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர். உங்கள் அப்பாவும் அப்படித்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். குனிந்து செருப்புப் போடும்போதோ வலை பொத்தும்போதோ மூச்சு முட்டுவது, படுத்தால் இருமல், நடுச்சாமத்தில் மூச்சடைத்து எழும்பி யன்னலடியில் போய் நிற்பது, எல்லாம் இதே கதைதான். போன வருடம் கோணேசர் கோயில் ஏற்றத்தில் நிற்காமல் ஏறியவர் இந்த வருடம் கோட்டை வாசலைத் தாண்டியதும் இரண்டு இடத்தில் நிற்கிறார் என்றால் அதை வயதின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

இனிக் காரணம். இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கிளினிக்கில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் அடைபட்டுத் தசை பட்டினி கிடந்து இப்படி ஆகியிருக்கலாம். அந்த வயதில், அதுவும் புகைப்பவராக இருந்தால், அதைப் பார்க்காமல் விடக் கூடாது. “அஞ்சியோகிராம் (அந்தக் குழாய்களில் அடைப்பைத் தேடி எடுக்கும் படம்) தேவையா?” என்று நேராகவே கேளுங்கள். அடைப்பு இருந்தால் வைத்தியம் கொஞ்சம் வேறு பாதையில் போகும். நீங்கள் கேட்ட ஒப்பரேசனுக்கும் அங்கேதான் வேலை வரலாம். மற்றக் காரணங்களில், வருடக்கணக்காகக் கவனிக்காமல் விட்ட பிரஷர், சீனி வருத்தம், ஒரு வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு தசையில் வந்த அழற்சி, தைரொயிட், ஓயாமல் வேகமாக ஓடும் இதயத் துடிப்பு, சில புற்றுநோய் மருந்துகள், பரம்பரை ஆகியவை முக்கியமானவை. பெண்களுக்குப் பிரசவத்தை ஒட்டிய மாதங்களிலும் இது வருவதுண்டு. பிள்ளை பெற்ற ஒரு மாதத்தில் இளைப்பும் கால் வீக்கமும் வந்தால் “பிள்ளைப் பெத்த உடம்பு” என்று விட்டுவிடக் கூடாது. சிலருக்கு எல்லாப் பரிசோதனையும் செய்தும் காரணம் பிடிபடாது.

அடுத்தது சாராயம். “கடலுக்குப் போகிறவர், கொஞ்சம் எடுப்பார்” என்று எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு கொஞ்சம் என்பதை அப்பாவிடம் கேட்காதீர்கள், அவரோடு வள்ளத்தில் போகிறவரிடம் கேளுங்கள். தினம் அரைப் போத்தல் கணக்கில் பல வருடம் போயிருந்தால் அதுவே இந்த வருத்தத்துக்குப் போதுமான காரணம். கசிப்பாக இருந்தாலும் அதே கதி. இதில் ஒரு நல்ல செய்தி உண்டு: குடியால் தளர்ந்த தசை, குடியை முற்றாக விட்டால், மற்றக் காரணங்களை விட நன்றாகவே திரும்பி வரக்கூடியது. “பெருநாளுக்கு மட்டும்” என்பதெல்லாம் இங்கே சரிவராது. ஆனால் தினம் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால் நடுக்கமும் குழப்பமும் வலிப்பும் வரலாம். ஆகையால் டொக்டரிடம் உண்மையான அளவைச் சொல்லி நிறுத்த வேண்டும்.

சரி, குளிசைகள். நீங்கள் அனுப்பிய பட்டியலில் எனலாப்ரில், கார்வெடிலோல், ஸ்பைரோனோலாக்டோன், டப்பாகிளிப்ளோசின், புரூசமைட் இருக்கின்றன. நல்ல பட்டியல். இன்றைக்கு உலகத்தின் எந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இதே நாலு வகையைத்தான் அடிப்படையாகக் கொடுப்பார்கள்; எனலாப்ரிலுக்குப் பதிலாகச் சிலருக்குச் சக்குபிட்ரில்-வல்சார்ட்டான் கொடுப்பார்கள், அது ஒன்றுதான் வித்தியாசம். ஐந்தாவதான புரூசமைட் தேங்கிய நீரைச் சலமாக வெளியேற்றுகிறது. உடனே சுகம் தெரிவது அதால்தான், அதனால் சனத்துக்கு அதில்தான் நம்பிக்கை. தசையைக் காப்பது மற்ற நாலும். அவை அந்தச் சிறுநீரக, அட்ரினலின் சுற்றை அறுக்கின்றன. 1987இல் எனலாப்ரிலை வைத்து ஸ்கண்டிநேவிய நாடுகளில் செய்த ஆய்வில், மிகவும் முற்றிய நிலையில் இருந்தவர்களில் ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள் 44 வீதத்திலிருந்து 26 வீதமாகக் குறைந்தார்கள். அது ஒரு மருந்தோடு. அதற்குப் பிறகு மற்ற மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன. டப்பாகிளிப்ளோசின் சீனி வருத்தக் குளிசை, அப்பாவுக்குச் சீனி இல்லையே என்று பாமசியில் ஒருவர் சொன்னாராம். சீனி இல்லாதவர்களுக்கும் அது இதயத்துக்கு உதவும் என்று 2019இலேயே காட்டியாகிவிட்டது. நிறுத்த வேண்டாம்.

இந்த மருந்துகளைச் சின்ன அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். கார்வெடிலோல் 3.125 மில்லிகிராம் இரண்டு நேரத்தில் தொடங்கி, உடம்பு தாங்கினால் இரண்டு கிழமைக்கு ஒருமுறை இரட்டிப்பாக்கி, 25 வரை கொண்டுபோவது வழக்கம். கூட்டும் முதல் சில நாட்களில் அப்பாவுக்குக் களைப்பு கூடலாம். அந்த இடத்தில்தான் பலர் “இந்தக் குளிசை ஒத்துவரவில்லை” என்று தாமாக விட்டுவிடுகிறார்கள். தலை சுற்றி விழப் பார்த்தால், நாடி 50க்குக் கீழே போனால், இளைப்பு கூடினால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் போய்ச் சொல்லுங்கள். வெறும் களைப்பு என்றால் பொறுத்துக்கொள்ளலாம். இதையும் சொல்ல வேண்டும்: மாதாமாதம் போய் அதே குளிசையை அதே அளவில் வாங்கிக்கொண்டு வருவது வைத்தியத்தில் பாதிதான். கூட்டம் நிறைந்த கிளினிக்கில் டொக்டருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். “அளவைக் கூட்டலாமா?” என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். வீட்டில் எழுதிய பிரஷர், நாடி, நிறைக் கணக்கைக் கிளினிக் கொப்பியோடு நீட்டினால் அந்தக் கேள்விக்கு உடனே பதில் வரும்.

எனலாப்ரிலால் வறட்டு இருமல் வந்தால் லொசார்ட்டானுக்கு மாற்றலாம். ஸ்பைரோனோலாக்டோனால் சில ஆண்களுக்கு மார்பு வீங்கி நோகும். வெட்கத்தில் மகளிடம் சொல்லமாட்டார், பேசாமல் குளிசையை விட்டுவிடுவார். அண்ணனை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள், அதற்கும் மாற்று மருந்து இருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். தொடங்கி ஓரிரு கிழமையில் ஒரு இரத்தப் பரிசோதனை, பிறகு சில மாதத்துக்கு ஒன்று, கட்டாயம். உங்கள் வீட்டு முற்றத்தில் செவ்விளநீர் இருப்பதாக எழுதி, அப்பாவுக்குத் தினம் இரண்டு வெட்டிக் கொடுப்பதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். அன்பால் செய்வது, ஆனால் நிறுத்துங்கள். இளநீரில் பொட்டாசியம் நிறைய. அளவுக்கு மீறினால் இதயம் துடிப்பு தவறி நின்றுவிடவும் கூடும். கடையில் “சோடியம் குறைந்த உப்பு” என்று விற்பதும் பெரும்பாலும் பொட்டாசியம் உப்புத்தான். அதையும் வாங்க வேண்டாம்.

உப்பு என்றதும் எல்லோரும் சோற்றுச் சட்டியைத்தான் பார்க்கிறார்கள். திருகோணமலையில் உப்பு வருவது கருவாட்டிலும் மாசியிலும். மொத்த உப்பு ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்குள், அதாவது 5 கிராமுக்குள் நிற்க வேண்டும் என்றால் ஒரு துண்டு கட்டாக் கருவாடு சாப்பிட்ட நாளில் வேறு எதிலும் உப்புப் போட இடமில்லை. ஊறவைத்துக் கழுவினாலும் பாதி உள்ளேதான் இருக்கும். பப்படம், ஊறுகாய், ரின்மீன், நூடில்ஸ் பைக்குள் வரும் தூள், சூப் கட்டி, பாண் எல்லாம் அடுத்த வரிசை. பச்சை மீன் கிடைக்கிற ஊரில் இருக்கிறீர்கள், அது பெரிய வசதி. சொதிக்குத் தேசிக்காய்ப் புளியும் மிளகும் கூட்டினால் உப்புக் குறைந்தது இரண்டு கிழமையில் நாக்குக்கு மறந்துவிடும். சம்பலில் மாசியை விடுங்கள், தேங்காயை விட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள், மனிதர் கொஞ்சம் ஆறுவார். தண்ணீரை அளந்து குடிக்க வேண்டுமா என்பது ஆளுக்கு ஆள் வேறு. டொக்டர் அளவு சொல்லியிருந்தால் மட்டும் கடைப்பிடியுங்கள்.

ஒரு தராசு வாங்குங்கள். காலையில் எழும்பிச் சலம் போய்விட்டு, சாப்பிட முன், ஒரே மாதிரி உடுப்போடு நிறை பார்த்துக் கொப்பியில் எழுத வேண்டும். மூன்று நாளில் 2 கிலோ கூடினால் அது சதை இல்லை, நீர். வீக்கம் கண்ணுக்குத் தெரிய முன்பே தராசில் தெரிந்துவிடும். அந்த நேரத்தில் கிளினிக்கில் சொல்லிப் புரூசமைட்டைச் சில நாள் கூட்டினால் ஆஸ்பத்திரிப் படுக்கையைத் தவிர்க்கலாம். எத்தனை கூட்டலாம் என்று முன்கூட்டியே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மறுபக்கமும் இருக்கிறது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வேர்த்துக் கொட்டும். அதே அளவு குளிசையோடு நிறை இறங்கிக்கொண்டே போய், எழும்பினால் கண் இருண்டால், நீர் அளவுக்கு மிஞ்சிப் போகிறது என்று அர்த்தம். வயிற்றோட்டமோ சத்தியோ வந்து சாப்பிட முடியாத நாளில் புரூசமைட், டப்பாகிளிப்ளோசின், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் இவற்றைத் தொடரலாமா என்று அன்றைக்கே கேட்க வேண்டும். பெரும்பாலும் ஓரிரு நாள் நிறுத்தச் சொல்வார்கள். நோன்பும் விரதமும் அப்படித்தான், கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து ஆட்கள் ரமழானுக்கு முன்பே டொக்டரோடு கதைத்துக் குளிசை நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். சிலருக்கு நோன்பு வேண்டாம் என்றே சொல்ல வேண்டி வரும். கன்னியாவுக்குப் போனால் சூடு கூடிய கிணற்றில் வாளி வாளியாக ஊற்றிக்கொள்ளவும் வேண்டாம், ஏற்கெனவே குறைந்த பிரஷர் இன்னும் இறங்கும்.

நாரி நோவுக்கு என்று கடையில் வாங்கிப் போடும் டைக்ளோபெனாக், இபுபுரூபன் வகைகள் இந்த வருத்தக்காரருக்கு எதிரி. நீரைப் பிடித்து வைக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், மற்றக் குளிசைகளின் பலனையும் குறைக்கும். நோவென்றால் பரசிட்டமோல், அதுவும் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் நுரைக்கிற வகை வேண்டாம், அதில் சோடியம் அதிகம்.

கடலுக்கு வருகிறேன். நடை இன்றைக்கே தொடங்கலாம். காலை வெயில் ஏற முன் கடற்கரை ஓரமாக, பக்கத்தில் வருபவரோடு கதைத்துக்கொண்டு நடக்க முடிகிற வேகத்தில் பத்து நிமிடம், கிழமைக்குக் கிழமை கூட்டி அரை மணி வரை. கரைவலை இழுப்பது, வள்ளம் தள்ளுவது, இயந்திரத்தைத் தோளில் தூக்குவது போன்ற மூச்சைப் பிடித்துச் செய்யும் வேலை எதுவும் வேண்டாம். மூன்று மாதம் முழு அளவு மருந்தில் இருந்த பிறகு எக்கோ திரும்ப எடுப்பார்கள். 40ஐத் தாண்டி, இளைப்பும் இல்லாமல், துடிப்பும் ஒழுங்காக இருந்தால், கரைக்கு அண்டிய தொழிலுக்கு, தனியாக இல்லாமல் இன்னொருவரோடு போவது பற்றி டொக்டரிடம் கேட்கலாம். பல நாள் படகு அப்போதும் வேண்டாம், நடுக்கடலில் மூச்சடைத்தால் ஒன்றும் செய்ய முடியாது. சலக் குளிசையைக் காலையில்தான் போட வேண்டும் என்று சட்டமில்லை. விடியற்காலையில் கடலுக்குப் போகிறவர் கரைக்கு வந்த பிறகு போடலாம். இது தெரியாமல் தொழில் நாளெல்லாம் குளிசையை விடுகிறவர்கள் உண்டு.

முழு மருந்தோடு மூன்று மாதம் கழித்தும் 35க்குள் நின்றால், திடீரெனத் துடிப்பு தடம் மாறி இறப்பதைத் தடுக்க நெஞ்சுத் தோலுக்கடியில் வைக்கும் ஒரு கருவி பற்றிப் பேசுவார்கள். ஈசீஜியில் ஒரு குறிப்பிட்ட மின்தடை இருந்தால் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகத் துடிக்க வைக்கும் வேறு வகைக் கருவி நன்றாக வேலை செய்யும். இவற்றுக்குக் கண்டி அல்லது கொழும்புப் பயணம் இருக்கலாம். இதய மாற்றும் இலங்கையில் நடந்திருக்கிறது, முதலாவது 2017இல் கண்டியில். ஆனால் அது வெகு சிலருக்கு, எல்லாம் கைவிட்ட பிறகு. அப்பா இன்னும் முதல் படியில் நிற்கிறார்.

எவ்வளவு காலம் என்ற கேள்விக்கு வருடக் கணக்கு சொல்லமாட்டேன், சொல்பவரையும் நம்பாதீர்கள். முழு மருந்தோடு அறை சுருங்கி எண் ஏறுகிறவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். ஏறிய பிறகுதான் இன்னொரு ஆபத்து: “சுகமாகிவிட்டதே” என்று மருந்தை விடுவது. 2018இல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்றில், நன்றாகத் தேறி எண்ணும் சரியான நிலையில் இருந்தவர்களுக்கு மருத்துவர்களின் கண்காணிப்பிலேயே மருந்தைப் படிப்படியாக நிறுத்திப் பார்த்தார்கள். ஆறு மாதத்துக்குள் 44 வீதமானவர்களுக்கு வருத்தம் திரும்பியது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் அந்த ஆறு மாதத்தில் ஒருவருக்கும் திரும்பவில்லை. 2022 நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது ஒன்றுவிட்டு ஒருநாள் போட்டுப் பழகியவர்கள் இன்றும் அதே பழக்கத்தில் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரிப் பாமசியில் ஒரு மருந்து இல்லை என்றால் சும்மா திரும்பி வராமல், அதே வகையில் வேறு எது இருக்கிறது என்று டொக்டரிடம் திரும்பப் போய்க் கேளுங்கள்.

படுக்க முடியாத இளைப்பு, இளஞ்சிவப்பு நுரையோடு இருமல், மயங்கி விழுதல், நெஞ்சுநோ, வாய் கோணுதல் இவற்றில் எது வந்தாலும் முச்சக்கர வண்டி தேடாமல் 1990ஐ அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். இளைப்பு என்றால், வண்டி வரும்வரை நிமிர்த்தி இருத்தி வையுங்கள், படுக்க வைக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்காதது. அப்பாவின் தம்பி 40 வயதில் “திடீரென” இறந்ததாக ஒரு வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். அதை டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அப்பாவுக்குக் குழாய் அடைப்பு இல்லை என்று தெரிந்தால், நீங்களும் அண்ணனும் அப்பாவின் மற்றச் சகோதரங்களும் ஆளுக்கொரு ஈசீஜியும் எக்கோவும் எடுத்துக்கொள்ள வேண்டும். இப்போது ஒன்றும் இல்லை என்று வந்தாலும் சில வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பரம்பரை வகை வயது போகப் போகத்தான் தலைகாட்டும். உங்களுக்கு அடுத்த வருடம் கலியாணம் என்றும் எழுதியிருந்தீர்கள். பிள்ளை பெற நினைக்க முன் அந்த எக்கோவை முடித்துக்கொள்ளுங்கள்.